வலி காலில், மாத்திரை மனசுக்கா? வாசகர் கேள்வி பதில்

போன மாதம் சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலைப் பற்றி நாலு வரி எழுதியபோது அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையின் பெயரையும் சொல்லியிருந்தேன். அந்த ஒரு பெயருக்கு வந்த கடிதங்கள் மேசையில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் நம் பழைய வட ஆற்காட்டிலிருந்து, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்தவை. அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை எடுத்து வைத்துவிட்டு, மனச்சோர்வு மாத்திரைகளை நரம்பு வலிக்குச் சாப்பிடுகிறவர்களுக்கே பக்கம் முழுவதையும் கொடுக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் டாக்டர் இல்லை, அரசு ஆஸ்பத்திரியில் 31 வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த மாத்திரைகளை ஜன்னலுக்கு உள்ளே நின்று எண்ணிக் கொடுத்திருக்கிறேன், அப்புறம் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்று எனக்காக வாங்கியும் இருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். உங்கள் அளவை மாற்ற வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. 14 வருடமாக சுகர். ரெண்டு வருடமாக ராத்திரி ஆனால் பாதம் திகுதிகுவென்று எரிகிறது, மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி என்கிறார். அண்டாவில் தண்ணீர் பிடித்து, அதில் காலை விட்டுக்கொண்டு நாற்காலியிலேயே தூங்குகிறார். டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 எழுதிக் கொடுத்தார். பையன் செல்போனில் பார்த்துவிட்டு, இது மனநோய் மாத்திரை என்கிறான். வலி என்று சொன்னதை டாக்டர் நம்பவில்லையா? அட்டையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம்.
(வாசகி, குடியாத்தம்)

பதில்: நம்பியிருக்கிறார் அம்மா. நம்பியதால்தான் சாதாரண வலி மாத்திரையை எழுதாமல் இதை எழுதியிருக்கிறார்.

சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் உடம்பில் எந்த நரம்பு ரொம்ப நீளமோ அதுதான் முதலில் கெடும். அதனால்தான் கால் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. கெட்டுப்போன நரம்பு அடங்கிக் கிடக்காது, அடி படாமலே அடி பட்டதாகவும் நெருப்பு படாமலே சுட்டதாகவும் மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். காயத்துக்கும் வீக்கத்துக்கும் சாப்பிடுகிற டைக்ளோஃபினாக் மாதிரியான மாத்திரை இதில் எடுபடாது. சர்க்கரைக்காரர்கள் அதைத் தின்று தின்று சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டதைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வருகிற ஒரு பாதை இருக்கிறது. கீழேயிருந்து வரும் வலியை அளந்து மேலே விடுவது அதன் வேலை. ஏரியில் மதகுப் பலகையை இறக்கினால் வாய்க்காலில் தண்ணீர் குறைகிறதே, அப்படி. அந்தப் பலகையை இறக்குவது நார்அட்ரினலின், செரோடோனின் என்ற இரண்டு ரசாயனங்கள். அமிட்ரிப்டிலின் அவற்றைச் சீக்கிரம் தீர்ந்துபோக விடாமல் வைத்துக்கொள்கிறது, கூடவே துடித்துக்கொண்டிருக்கும் நரம்பையும் கொஞ்சம் அமர்த்துகிறது. அதே ரசாயனங்களுக்கு மனநிலையிலும் பங்கு இருப்பதால் முதலில் மனச்சோர்வுக்கு வந்த மருந்து இது. பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

உங்கள் பையன் கேட்டது நியாயமான கேள்வி. டாக்டர்களும் அதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்த வகை மருந்து வலிக்கு உதவுகிறது என்று பிரான்சில் 1960லேயே எழுதினார்கள். ஒருவேளை மனசு தெளிவதால்தான் வலி குறைகிறதோ என்ற சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. அமெரிக்காவில் சர்க்கரை நரம்பு வலிக்காரர்களுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்துப் பார்த்து 1987இல் முடிவை வெளியிட்டார்கள்: மனச்சோர்வு இருந்தவர்களுக்கும் வலி குறைந்தது, மனசு நன்றாக இருந்தவர்களுக்கும் குறைந்தது. அளவிலும் வித்தியாசம் பெரியது. மனச்சோர்வுக்கு வழக்கமாக 75 மி.கி. முதல் 150 மி.கி. வரை போகும். உங்கள் வீட்டில் பிரிக்காமல் இருப்பது 10 மி.கி.

நான் வேலையில் இருந்த காலத்திலும் இது நடக்கும். சீட்டை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் வந்து, "இது எனக்கு வேணாம்மா, பாகாயம் போறவங்களுக்குக் குடுங்க" என்று அட்டையைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின்) மனநல மருத்துவமனை பல பத்தாண்டுகளாக இருப்பதால் நம் ஊரில் அந்த ஊர்ப் பெயரே அப்படி ஆகிவிட்டது. அங்கே போவதில் கேவலம் எதுவும் இல்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த மனிதர் வீட்டுக்குப் போய் இன்னொரு ராத்திரி முழுக்க விழித்திருப்பாரே என்று எனக்கு அப்போதெல்லாம் வயிறு எரியும்.

சரி, எப்படிச் சாப்பிடுவது? ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு, எட்டரைக்குள் போட்டுக்கொள்ளட்டும். பதினொரு மணிக்குப் போட்டால் மறுநாள் காலை பத்து மணி வரை தலை பாரமாக இருக்கும், இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவார். முதல் நாலைந்து நாள் மந்தமாகத்தான் இருக்கும், நாக்கு வறளும், மலம் இறுகும். தண்ணீரும் கீரையும் அதிகம் கொடுங்கள். தூக்கம் முதல் வாரத்திலேயே கொஞ்சம் சரியாகும், எரிச்சல் குறைய ரெண்டு மூணு வாரம் ஆகும், அதற்குள் டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். சரியான அளவில் ஆறிலிருந்து எட்டு வாரம் சாப்பிட்ட பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். நாலு நாள் போட்டுவிட்டுக் குறையவில்லை என்று நிறுத்துவது நாற்று நட்ட வாரமே அறுக்கப் போவது மாதிரி.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக் கூடாது. இந்த மாத்திரை வலியை வழித்து எடுத்துவிடாது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2015இல் போட்ட கணக்குப்படி, அமிட்ரிப்டிலின் வகையை ஏறத்தாழ நாலு பேருக்குக் கொடுத்தால், வெறும் மாவு மாத்திரை கொடுத்திருந்தால் கிடைத்திருப்பதைவிடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைகிறது. மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற இன்னொரு மாத்திரையான டுலாக்ஸெட்டினுக்கு அதே கணக்கு ஆறு பேருக்கு ஒருவர். மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம், சிலருக்கு ஒன்றுமே ஆகாது. ஒன்று பலிக்கவில்லை என்றால் அடுத்ததைப் பார்ப்பார்கள்.

அட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் டாக்டரிடம் மூன்று விஷயம் சொல்லியாகிவிட்டதா என்று பாருங்கள்: நெஞ்சு வலி, மாரடைப்பு ஏதாவது வந்ததுண்டா, சிறுநீர் சொட்டுச் சொட்டாக, முக்கி முக்கிப் போகிறதா, கண்ணில் அழுத்த நோய் உண்டா. இந்த மூன்றிலும் இந்த மாத்திரை தொந்தரவு பண்ணக்கூடியது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறார் என்றால் வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், அந்த மாத்திரை பி12ஐக் குறைக்கும், பி12 குறைந்தாலும் பாதம் இப்படித்தான் எரியும்.

அந்த அண்டாவை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மணிக்கணக்கில் ஊறினால் விரல் இடுக்கு வெளுத்து வெடிக்கும், சர்க்கரைக் காலில் அது புண்ணாகிவிட்டால் ஆறாது. எரிச்சல் தாங்காவிட்டால் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போட்டு எடுத்து, விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது.

கேள்வி: வயது 34. ஷூ கம்பெனியில் வேலை. கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துவதாகச் சொன்னார்கள், தோளிலிருந்து விரல் வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி வலி. டுலாக்ஸெட்டின் 30 கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் காலையில் போட்டுக்கொண்டு வேன் ஏறினால் வாணியம்பாடி வருவதற்குள் குமட்டல், ரெண்டு நாள் வாந்தியே எடுத்துவிட்டேன். அஞ்சாவது நாள் நிறுத்திவிட்டேன். என் உடம்புக்கு ஆகாத மாத்திரையா?
(வாசகி, ஆம்பூர் அருகில்)

பதில்: ஆகாத மாத்திரை என்று இப்போதே எழுதிவிடாதே பாப்பா. டுலாக்ஸெட்டினில் ரொம்பப் பேருக்கு வருகிற தொந்தரவே குமட்டல்தான், அதுவும் முதல் ஒன்றிரண்டு வாரத்தில். வெறும் வயிற்றில், அதுவும் ஓடுகிற வேனில் என்றால் கேட்கவே வேண்டாம். ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டால் பாதி குறையும். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் போடலாமா என்று டாக்டரிடம் கேள், சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும், சிலருக்கு நன்றாகவே ஒத்துப்போகும். 20 மி.கி.யும் கிடைக்கிறது, அதில் தொடங்கிப் பிறகு ஏற்றலாம். விழுங்க முடியவில்லை என்று குளிகையைத் திறந்து உள்ளே இருக்கும் குருணையைத் தண்ணீரில் கரைக்காதே. வயிற்று அமிலத்தில் கெடாமல் இருக்கத்தான் அந்தக் குருணைக்கு மேல்பூச்சு போட்டிருக்கிறார்கள்.

இந்த மருந்து அமெரிக்காவில் 2004இல் அனுமதி பெற்றபோதே மனச்சோர்வுக்கும் சர்க்கரை நரம்பு வலிக்கும் அடுத்தடுத்து அனுமதி வாங்கியது. அமிட்ரிப்டிலின் அளவுக்குத் தூக்கம் இழுக்காது, தையல் மெஷினில் உட்காருகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் பிரஷர் கொஞ்சம் ஏறலாம், வியர்வை அதிகமாகும். மே மாதத்தில் நம் ஊர் வெயிலில் அது சாதாரணமில்லை, தண்ணீர் பாட்டில் கூடவே இருக்கட்டும். கல்லீரலில் கோளாறு உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் ரொம்பக் கெட்டவர்களுக்கும் இதைக் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று. நீ எந்தப் பிரிவில் இருக்கிறாய் என்று எழுதவில்லை. பசை ஒட்டுகிற இடம் என்றால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல். சில பசைகளில் ஹெக்ஸேன் என்று ஒரு கரைப்பான் உண்டு, காற்றோட்டம் இல்லாத இடத்தில் அதை மாதக்கணக்கில் மூச்சில் இழுத்தால் கை கால் நரம்பே கெடும். கழுத்து எலும்பு ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணமாக இருக்கலாம், அப்படி இருந்தால் மாத்திரை மட்டும் போதாது, இடத்தையும் மாற்ற வேண்டும். கை பலம் குறைகிறது, ஊசியில் நூல் கோக்க வரவில்லை, பொருள் நழுவுகிறது என்றால் காத்திருக்காமல் உடனே காட்டு.

முதுகு வலி, கை வலிக்கு என்று வேறு டாக்டர் ட்ரமடால் கலந்த மாத்திரை எழுதினால் டுலாக்ஸெட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிடு. இரண்டும் சேர்ந்தால் செரோடோனின் அளவுக்கு மீறிப் போய் நடுக்கம், காய்ச்சல், படபடப்பு, சில சமயம் வலிப்பு வரை கொண்டுபோய் விடும். அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். ரெண்டு ஆஸ்பத்திரியில் காட்டுகிறவர்கள் ரெண்டு சீட்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவது நல்லது.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. மூன்று மாதம் முன்பு விலாவில் அக்கி வந்தது. அக்கி எழுதினோம், கொப்புளம் காய்ந்துவிட்டது. ஆனால் வலி போகவில்லை, ரவிக்கை பட்டாலே துடிக்கிறார். டாக்டர் அமிட்ரிப்டிலின் கொடுத்தார். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது தலை சுற்றி விழப்பார்த்தார். நிறுத்திவிடலாமா?
(வாசகர், ஆரணி)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கை தானாக என் இடது விலாவுக்குப் போனது தம்பி. ஓய்வு பெற்ற மறு வருடம் எனக்கும் அங்கேதான் வந்தது.

கொப்புளம் வந்த மூன்றாம் நாளே மருந்து தொடங்கினேன், அப்படியும் வலி போகாமல் தங்கிவிட்டது. ஃபேன் காற்று பட்டால் கத்தி வைத்துக் கீறுவது போல இருக்கும். வேலூரில், ஏப்ரல் மாதத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். புடவை முந்தானை உரசக் கூடாதென்று ஒரு வாழையிலைத் துண்டை விலாவுக்கும் துணிக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பேன், அது வாடினால் இன்னொன்று. அமிட்ரிப்டிலின் 10இல் தொடங்கி 25க்குப் போனேன். முதல் ரெண்டு வாரம் வாய் வறண்டு சோறு இறங்கவில்லை, ரசம் ஊற்றிக் கரைத்துக் குடித்தேன். என்றைக்குக் குறைந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நாலாவது வாரத்தில் ஒரு விடியற்காலை, மழை பெய்த குளிருக்குத் தூக்கத்திலேயே போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருக்கிறேன். விழித்ததும் அது விலாமேல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, நகராமல் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன்.

அக்கிக்குப் பின் தங்கிவிடும் வலியில் இந்த மாத்திரைக்கு நல்ல பெயர் உண்டு, 1982இலேயே கனடாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் அம்மாவுக்கு 74. எழுபதைத் தாண்டினவர்களுக்கு இதில் கவனம் அதிகம் வேண்டும். படுத்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், அதனால்தான் தலை சுற்றல். இந்த வயதில் இடுப்பு எலும்பு உடைந்தால் நரம்பு வலியைவிடப் பெரிய பாடு. சிலருக்குப் பேச்சுத் தடுமாறும், இடம் தெரியாமல் குழம்புவார்கள், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். இப்படி ஏதாவது இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

நீங்களாக நிறுத்த வேண்டாம், விழப்பார்த்தார் என்பதை இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். அளவு குறைக்கலாம், இதே வகையில் தொந்தரவு சற்றுக் குறைவான நார்ட்ரிப்டிலினுக்கு மாற்றலாம், வலிக்கிற இடத்தில் ஒட்டி மரத்துப்போக வைக்கிற லிக்னோகைன் பட்டை, கபாபென்டின் என்ற நரம்பு வலி மாத்திரை என்று வேறு வழிகளும் உண்டு. ஒரு ஈ.சி.ஜி. எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். அதுவரை ராத்திரி சின்ன விளக்கு எரியட்டும், எழுந்தவுடன் கட்டிலிலேயே ரெண்டு நிமிடம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டு அப்புறம் நடக்கட்டும். யாராவது பக்கத்தில் படுங்கள். சளிக்கு என்று தூக்கம் வருகிற மாத்திரை எதையும் கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

அக்கி எழுதுவதைக் குறை சொல்ல மாட்டேன், என் பாட்டியும் குயவர் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போய் காவி பூசி எழுதியிருக்கிறார். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: உடம்பில் ஒரே பக்கமாக வரிசையாகக் கொப்புளம் கிளம்பினால் 72 மணி நேரத்துக்குள் ஏசைக்ளோவிர் வகை மருந்து தொடங்குவது முக்கியம். எழுதுவதென்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குத் தொழுநோய் குணமாகி 22 வருடம் ஆகிறது. ரெண்டு பாதத்திலும் உணர்ச்சி கிடையாது, முள் குத்தினால் தெரியாது. ஆனால் அதே காலுக்குள் ராத்திரியில் குடைச்சலும் எரிச்சலும். உணர்ச்சியே இல்லாத கால் எப்படி வலிக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கே பதில் தெரியவில்லை. நார்ட்ரிப்டிலின் கொடுத்திருக்கிறார்கள்.
(வாசகர், காட்பாடி வட்டம்)

பதில்: அய்யா, உங்கள் வீட்டாருக்கு இந்தப் பத்தியை அப்படியே படித்துக் காட்டுங்கள். தோலிலிருந்து சேதி கொண்டுபோகிற நுனிகள் செத்துவிட்டதால் முள் குத்துவது தெரியவில்லை. மேலே மீதியிருக்கிற அடிபட்ட நரம்பு தானாகச் சேதி அனுப்புவதால் வலிக்கிறது. ஒரே காலில் ரெண்டும் சேர்ந்து இருக்கும், சர்க்கரைக்காரர்களுக்கும் அப்படித்தான். கிருமி போய்விட்டாலும் கெட்ட நரம்பு கெட்டதுதான், அதனால் மருந்து முடித்துப் பல வருடம் கழித்துக்கூட இந்த வலி வரும். நீங்கள் கற்பனை பண்ணவில்லை.

நம் ஊருக்கு இந்த நோயில் ஒரு வரலாறே உண்டு. 1940களில் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட்தான், விரல்கள் தேய்ந்து போவதற்கு நோய் சதையைத் தின்பது காரணமில்லை, வலி தெரியாததால் படுகிற காயம்தான் காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தியவர். 1955இல் வேலூர் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்தது. வலி தெரியாத கையும் காலும் என்ன பாடுபடும் என்று உலகத்துக்கே இங்கிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் உங்களுக்கு ரெண்டு வேலை. மாத்திரை உள்ளே இருக்கும் குடைச்சலைக் குறைக்கும், மரத்துப்போன தோலுக்கு உணர்ச்சியைத் திருப்பித் தராது. தினமும் சாயங்காலம் பாதத்தைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதை விடாதீர்கள், எட்டாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், செருப்பு போடுமுன் கையை விட்டுத் துழாவுங்கள்.

இன்னொரு விஷயம் அவசரமானது. திடீரென்று புதிதாக வலி வந்தால், முழங்கை உள்பக்கமோ முழங்கால் வெளிப்பக்கமோ நரம்பு தடித்துத் தொட்டால் வலித்தால், கை கால் பலம் குறைந்தால், அது நரம்பில் புது அழற்சியாக இருக்கலாம். இந்த மாத்திரை அதற்கு மருந்து இல்லை, ஸ்டீராய்டு வேண்டியிருக்கும், நாள் தள்ளினால் நரம்பு திரும்பாது. நேராகத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ஏழு மாதமாக டுலாக்ஸெட்டின் 60 சாப்பிட்டு வலி நன்றாகக் குறைந்தது. ஊருக்குப் போன இடத்தில் தீர்ந்துவிட்டது, சரி போதும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தலைக்குள் சுர் சுர் என்று ஷாக், தலை சுற்றல், கெட்ட கனவு. போதை மாத்திரையா இது?
(வாசகர், பேரணாம்பட்டு)

பதில்: போதை மாத்திரை இல்லை. போதை என்றால் இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்று மனசு அலையும், அளவு ஏறிக்கொண்டே போகும், இதில் அது கிடையாது. ஆனால் நரம்பு இந்த மருந்துக்குப் பழகியிருக்கிறது, திடீரென்று பிடுங்கினால் இப்படித்தான் உதறும். டாக்டருக்கு போன் பண்ணுங்கள். வழக்கமாக மறுபடி தொடங்கி, நாலு வாரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்வார்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை ரெண்டாகப் போடக் கூடாது. ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டுமா என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். வலி அடங்கி சில மாதம் ஆனபின் குறைத்துப் பார்ப்பார்கள், திரும்பாவிட்டால் நிறுத்திவிடலாம், நான் ஒன்பது மாதத்தில் நிறுத்தினேன்.

கேள்வி: கன்னத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரி வலி, பல் தேய்த்தாலே வருகிறது. எனக்கும் அமிட்ரிப்டிலின் வாங்கலாமா?
(வாசகி, வாலாஜாபேட்டை)

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வது முக நரம்பு வலி போல இருக்கிறது, அதற்கு முதல் மருந்து கார்பமாஸெபின், அதுவும் நரம்பு டாக்டர் பார்த்து எழுத வேண்டியது. அந்த மாத்திரையில் தோலில் தடிப்பு, வாயில் புண் வந்தால் அடுத்த வேளை போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல்லைப் பிடுங்கிக்கொண்டு பிறகு இது நரம்பு என்று தெரிந்தவர்களை எனக்குத் தெரியும், அதனால் பல்லில் கை வைக்குமுன் காட்டுங்கள்.

கேள்வி: மெடிக்கலில் நரம்புக்குச் சத்து மாத்திரை என்று கொடுத்தார்கள். நன்றாகத் தூக்கம் வருகிறது. தொடரலாமா?
(வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். பெயருக்குப் பின்னால் என்.டி. என்று இருந்தால் பெரும்பாலும் அது நார்ட்ரிப்டிலின், கூட நரம்பு வலி மருந்தான ப்ரீகாபாலினோ கபாபென்டினோ இருக்கும். சத்து மாத்திரை எழுதிக் கொடுக்காமலே வாங்கலாம், இதை அப்படி வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. எத்தனையோ பேர் மனச்சோர்வு மாத்திரை வேண்டாம் என்று டாக்டரிடம் சண்டை போட்டுவிட்டு, இதையே சத்து மாத்திரை என்ற பெயரில் வருடக்கணக்கில் தின்கிறார்கள். குடிப்பழக்கம் இருந்தால் இன்னும் ஆபத்து, தூக்கம் மூச்சுத் திணறல் வரை போகும். டாக்டரிடம் காட்டி, வலி எதனால் என்று பார்த்து, அப்புறம் தொடருங்கள். அதுவரை ராத்திரி மாத்திரை போட்டுவிட்டு வண்டி எடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. பைக் விபத்தில் தோள் நரம்பு அடிபட்டு அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறேன், வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். மாத்திரை அட்டையை யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று அம்மா அதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறார். நிறுத்திவிடட்டுமா?
(வாசகி, வேலூர்)

பதில்: நிறுத்தாதே கண்ணு. அவர்கள் வருகிற அன்றைக்குத் தோள் வலியோடு காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போவது நீதான்.

கேட்டால், விபத்தில் நரம்பு அடிபட்டது, நரம்பு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல். அது முழு உண்மை, கூட ஒரு வார்த்தையும் தேவையில்லை. மனச்சோர்வுக்காகவே சாப்பிட்டாலும் ஒளிக்க வேண்டிய காரியம் எதுவும் இல்லை. அம்மாவுக்கு என் சார்பில் இதைப் படித்துக் காட்டு. அவர் பயம் உன்மேல் உள்ள பாசத்தில் வந்தது, கோபித்துக்கொள்ளாதே.

உன் வயதுக்கு ரெண்டு விஷயம். இருபத்தைந்துக்குக் கீழே இருப்பவர்களில் சிலருக்கு இந்த வகை மருந்து தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் மனசு சட்டென்று இருண்டு, செத்துவிடலாம் என்ற எண்ணம் வரலாம். அப்படி ஒரு நிழல் தட்டினாலும் அன்றைக்கே அம்மாவிடமும் டாக்டரிடமும் சொல். அப்புறம், கல்யாணம் முடிவானால் குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் தொடர்வதா, குறைப்பதா, மாற்றுவதா என்று பேசிவிடு.

அரிசி டப்பாவிலிருந்து அட்டையை எடுத்து வெளியே வை. ராத்திரி எட்டு மணிக்குத் தேடாமல் கைக்கு வர வேண்டும்.